பாட்டுக்காரப் புனிதரும் என் மனைவியின் மரண அறிவித்தலும்

கிரேக்க ஆண்டு 684, ஹசிரான் மாதம் ஒன்பதாம் நாள். எதெசா நகரத்தின் பழைய ஆண்டுக்குறிப்பில், ஒரு திருத்தொண்டர் இந்த உலகத்தை விட்டுப் போன நாளாக இது பதியப்பட்டிருக்கிறது. ஹசிரான் என்பது சிரிய மொழியில் ஜூன் மாதம். அந்தக் கிரேக்க ஆண்டிலிருந்து 311ஐக் கழித்தால் நம்முடைய ஆண்டு வரும். கழித்துப் பார்த்தேன். கி.பி. 373, ஜூன் 9.

ஆயிரத்து அறுநூறு வருடங்களுக்கு முன்னர் இறந்த ஒருவருக்கு நாள் இருக்கிறது. 2006 ஓகஸ்டில் சைக்கிளில் ஏறிப் போன என் மகனுக்கு இல்லை.

இங்கே நான் எவருடைய பெயரையும் எழுதவில்லை. புனிதரின் பெயரைக்கூட விட்டுவிட்டேன். அவருக்கு மட்டும் பெயர் இருந்து மற்றவர்களுக்கு இல்லாமல் போனால், மற்றவர்கள் வாழாதவர்கள்போல் ஆகிவிடுவார்கள். வாசிக்கிறவர்களில் திருச்சபை வரலாறு தெரிந்தவர்கள் அவரை அடையாளம் கண்டுகொள்வார்கள். தெரியாதவர்களுக்கு, என் மனைவியும் அவளுடைய பாடகர் குழுப் பெண்களும் வைத்த பெயரே போதும். பாட்டுக்காரப் புனிதர்.

நான் திருகோணமலைத் துறைமுகத்தில் எழுதுவினைஞனாக இருந்தவன். எந்தக் கப்பல் எந்த நாள் எத்தனை மணிக்கு உட்துறைமுகத்துக்குள் வந்தது, எப்போது வெளியேறியது என்று எழுதுவதுதான் உத்தியோகம். ஓய்வுபெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. கப்பல்களின் இடத்தில் பழைய காலத்துப் புனிதர்கள் வந்தார்கள். யார் எந்த ஆண்டில் ஆயரானார், ஆயர்கள் கூடிய எந்தச் சங்கத்துக்குப் போனார், போனதாகச் சொல்லப்படுவது உண்மையா என்று கிடைத்த புத்தகத்தில் எல்லாம் தேடிக்கொண்டிருந்தேன். மனைவிக்கு இதில் பெரிய மரியாதை இருக்கவில்லை. "செத்தவையளுக்கு ஐடென்டிக் காட் அடிக்கிறார்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லுவாள்.

பாட்டுக்காரப் புனிதரை அவளுக்கு அறிமுகம் செய்தவன் நானல்ல. கேரளத்திலிருந்து ஒரு குருவானவர் வந்து எங்கள் பங்குக் கோவிலில் சில கிழமை தங்கியிருந்தார். சிரிய முறைப்படி பூசை செய்கிறவர். ஒரு சனிக்கிழமை பின்னேரம் கோவில் மண்டபத்தில் பெண்கள் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தபோது வந்து கேட்டுக்கொண்டு நின்றவர், முடிந்ததும், "உங்களுக்கென்றே ஒரு புனிதர் இருக்கிறார், தெரியுமா?" என்றாராம். நான்காம் நூற்றாண்டில், பெண்கள் கோவிலில் வாய் திறக்கலாமா என்பதே பலருக்குக் கேள்வியாக இருந்த காலத்தில், அவர் பாட்டெழுதி, பெண்களைச் சேர்த்து, இரண்டு பக்கமாகப் பிரித்து நிறுத்திப் பாடப் பழக்கினார். மறைபொருளை வாதமாக அல்லாமல் பாட்டாகவே சொன்னார். இன்றைக்கு அவரைத் திருச்சபையின் மறைவல்லுநர் என்கிறார்கள். அந்தப் பட்டத்தை 1920இல்தான் கொடுத்தார்கள். அவர் காலத்துப் பெண்களுக்கு அவர் பாட்டு வாத்தியார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இஞ்சருங்கோ, அந்த மனுசன் கடைசிவரைக்கும் குருவானவராக வரவே இல்லையாமே?"

"இல்லை. திருத்தொண்டராகவே, குருவுக்கு ஒரு படி கீழேயே இருந்து செத்தவர்."

"அப்ப அவர் எங்கட ஆள்தான்" என்றாள்.

பெண்கள் பாட்டுப் பழகுகிற மண்டபத்தில் அவருடைய படம் ஒன்று வந்தது. பிறகு, ஜூன் ஒன்பதாம் திகதிப் பூசையில் பாட்டெல்லாம் பெண்களே பாடுவது என்று ஒரு வழக்கமும் வந்தது. அவரைப் பற்றிச் சின்னதாக ஒரு புத்தகம் எழுதித் தாருங்கள் என்று என்னைக் கேட்டவளும் அவள்தான். அதுதான் எங்கள் வீட்டில் நடந்த சண்டைகளிலேயே நீளமான சண்டைக்குத் தொடக்கம்.

நான் எழுதும் முறை இது. புனிதரைப் பற்றிய செய்திகளை முதலில் இரண்டாகப் பிரிப்பேன். அவர் வாழ்ந்த காலத்திலோ அதற்கு அண்மையிலோ எழுதப்பட்டவை ஒரு பக்கம். பின்னால் வந்தவர்கள் பக்தியால் சேர்த்தவை மறுபக்கம். நிசிபிஸ் நகரத்தில் பிறந்தார், மூன்று முறை பாரசீகர் முற்றுகையிட்டபோதும் அந்த நகரத்துக்குள் இருந்தார் என்பவை முதல் பக்கத்தில் நிற்கும். கப்பதோக்கியா நாட்டின் பெரிய ஆயர் ஒருவரை நேரில் பார்க்கப் போனார் என்பது இரண்டாம் பக்கத்துக்குப் போகும். என் மனைவிக்கு இரண்டாம் பக்கம்தான் பிடித்திருந்தது.

"போனாரோ இல்லையோ?" என்றாள்.

"போனதுக்கு அந்தக் காலத்துச் சாட்சி இல்லை."

"நல்ல மனுசன் ஒருத்தர் இன்னொரு நல்ல மனுசனைப் பார்க்கப் போயிருக்கிறார். இதுக்கும் உங்களுக்குச் சாட்சி வேணுமோ?"

"வேணும்."

"பாருங்கோடி, பாவம் அந்தச் சாமியாரைப் பொலிசுக்குக் கூப்பிட்டு வாக்குமூலம் எடுக்கிறார்" என்று வீட்டுக்கு வந்திருந்த பாடகர் குழுப் பெண்களைப் பார்த்துச் சொன்னாள். அவர்கள் சிரித்த சிரிப்பில் நான் பேனையை மூடிவிட்டேன்.

அவளுக்கு என்னை மடக்க ஓர் ஆயுதமும் கிடைத்தது. அதை நானே கொடுத்தேன். புனிதரின் சிந்தனையில் முக்கியமான ஒன்றை விளக்கும்போது, கடவுளைத் துருவித் துருவி ஆராய்கிறவர்களை அவர் கண்டித்தார் என்று சொன்னேன். ஆராயத்தக்கது உண்டு, அதற்கு அப்பால் மௌனமாக நிற்க வேண்டிய இடமும் உண்டு என்பது அவருடைய எண்ணம். அந்த எல்லையில் நின்றுதான் அவர் பாடினார். இதைக் கேட்ட நாள் முதல், நான் எதையாவது தோண்டத் தொடங்கினால் அவள் சுட்டு விரலை உதட்டில் வைத்துக் காட்டுவாள். அவ்வளவுதான். மேலே பேச ஏலாது.

ஆனால் ஒரு விடயத்தில் நான் தோண்டியபோது அவள் விரலை உதட்டில் வைக்கவில்லை. எழுந்து குசினிக்குள் போய்விடுவாள்.

2006இல் எங்கள் வீடு திருகோணமலைக் குடாவுக்குத் தெற்கே, சம்பூருக்குப் பக்கத்தில் இருந்தது. நான் மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் நகரத்துக்கு வேலைக்கு வந்து போவேன். ஓகஸ்ட் மாதம் சண்டை மூண்டு லோஞ்ச் நின்றபோது நான் இந்தக் கரையில் அகப்பட்டேன். அவளும் மகனும் அந்தக் கரையில். துறைமுகத்தில் நின்றால் எங்கள் பக்கத்து மரங்களின் கோடு தெரியும். அதற்குமேல் புகை தெரியும். அவ்வளவு கிட்ட இருந்தும் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் அவள் சொல்லிக் கேட்டது.

சனங்களோடு சனமாகத் தெற்கே நடந்தார்கள். இலங்கைத்துறை வரைக்கும் வந்து ஒரு மரத்தடியில் இருக்கும்போது, வீட்டில் பசுவும் கன்றும் கட்டினபடி நிற்பது மகனுக்கு நினைவு வந்திருக்கிறது. அவசரத்தில் எவரும் அவிழ்த்துவிடவில்லை. "அம்மா, நான் போய் மாட்டை அவிழ்த்து விட்டுட்டு வாறன். தண்ணியில்லாமச் செத்துப்போம்" என்றானாம். வேண்டாமென்று சொல்லியிருக்கிறாள். யாரிடமோ சைக்கிளை வாங்கிக்கொண்டு போய்விட்டான். இருபத்திரண்டு வயது. அவள் அந்த மரத்தடியிலேயே இருந்திருக்கிறாள், மற்றவர்கள் இழுத்துக்கொண்டு வெருகலுக்குப் போகும்வரைக்கும். அதற்குப் பிறகு வாகரை, அதற்குப் பிறகு மட்டக்களப்பு முகாம். அங்கேதான் 2007இல் நான் அவளைக் கண்டுபிடித்தேன். தனியாக இருந்தாள்.

புனிதரின் வாழ்க்கையில் 363ஆம் ஆண்டுக்கு நான் வரும்போது அவள் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். ரோமப் பேரரசன் போரில் செத்துப்போக, அடுத்து வந்தவன் பாரசீகரோடு உடன்படிக்கை செய்து நிசிபிஸ் நகரத்தைக் கொடுத்துவிட்டான். நகரம் பாரசீகருக்கு, அதில் இருந்த கிறிஸ்தவர்கள் வெளியே. மூன்று முற்றுகைக்குத் தாக்குப்பிடித்த சனங்கள் ஒரு கையெழுத்தால் வெளியேறினார்கள். புனிதருக்கு அப்போது ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். மேற்கே நடந்து எதெசாவுக்குப் போய், மிஞ்சிய பத்து வருடத்தையும் அங்கே கழித்தார். கடைசியில் அங்கே பஞ்சம் வந்தபோது தெருவோரங்களில் கட்டில் போட்டுப் பசித்தவர்களையும் நோயாளிகளையும் பார்த்தார். சில மாதங்களில் அவரும் போய்விட்டார். தன் ஊரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அங்கயிருந்து திரும்பிப் போன ஆக்கள் எவரும் இல்லையோ? எதையும் எடுத்துக்கொண்டு வர?" என்று கேட்டாள்.

அதைப் பற்றி எதுவும் எழுதப்படவில்லை என்றேன். தலையை ஆட்டினாள்.

எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கச் செத்த வீடுகளில் ஒரு வழக்கம். செபமாலை முடிந்ததும் பெண்கள் பெட்டியைச் சுற்றி இரண்டு பக்கமாக இருந்து பாடுவார்கள். முதலில் கோவில் பாட்டு. பிறகு மெல்ல மெல்லச் செத்தவரின் கதையே பாட்டாக வரும். ஒரு பக்கம் கேட்கும், மறுபக்கம் மறுமொழி சொல்லும். எழுதி வைத்த பாட்டல்ல. அந்த உடலுக்கு முன்னால் அந்த நேரத்தில் வருகிறது. நகரத்தில் எங்கள் பங்கில் யார் செத்தாலும் இதைத் தொடங்கி வைக்கிறவள் என் மனைவி. ஊர் பேர் தெரியாதவருக்கும் பாடியிருக்கிறாள். மகனுக்கு மட்டும் பாடவில்லை. அவனுடைய படத்துக்கு மாலை போடவில்லை, விளக்கு வைக்கவில்லை. அலுமாரிக்கு மேலே மற்றப் படங்களோடு சாதாரணமாக வைத்திருந்தாள். நவம்பரில் மரித்தவர்களுக்காகப் பெயர் கொடுக்கும்போது அவள் தன் தாய் தகப்பன் பெயரோடு நிறுத்திக்கொள்வாள். ஓகஸ்ட் வந்தால் மட்டும் மகனுக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுப்பாள். என்ன கருத்துக்கு என்று கேட்டால், "பிரயாணத்தில் இருக்கிறவையளுக்காக" என்பாள். கோவில் எழுத்தரும் அப்படியே வாசிப்பார்.

எந்த நாளில் அந்தப் பூசையை வைப்பது என்பதில்தான் எனக்கும் அவளுக்கும் ஒவ்வொரு வருடமும் தகராறு. அவன் சைக்கிளில் போனது ஓகஸ்ட் 15, பரலோக மாதா திருநாளுக்கு முதல்நாள் என்று அவள் சொன்னாள். அதே மரத்தடியில் இருந்த இன்னொரு பெண்ணைக் கிளிவெட்டியில் சந்தித்துக் கேட்டேன். திருநாளுக்குப் பிறகு என்றாள், இரண்டு நாளோ மூன்று நாளோ. சைக்கிள் கொடுத்தவரைத் தேடினேன், கிடைக்கவில்லை. நான் இதைக் கேட்கக் கேட்க மனைவி குசினிக்குள் போவாள். சட்டிகள் சத்தம் போடும். ஒருநாள் கதவடியில் திரும்பி நின்று சொன்னாள்: "நாள் கண்டுபிடிச்சு என்ன செய்யப் போறீங்கள்? நாள் செத்தவனுக்குத்தான் வேணும்."

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

காணாமல்போனதற்கான சான்றிதழுக்கு விண்ணப்பிக்கச் சொன்னார்கள். அதற்கும் அவள் வரவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு, படையினர் பிடித்திருந்த காணிகளை விட்டபோது ஒருமுறை போய்ப் பார்த்தோம். வீடு இருந்த இடத்தில் பற்றை. மாட்டுக் கொட்டில் எங்கே இருந்தது என்பதில்கூட எனக்கும் அவளுக்கும் ஒத்துப்போகவில்லை. அவள் காட்டிய இடத்தில் சற்று நேரம் நின்றோம்.

இந்த வருடம் பங்குனியில் அவளுக்கு வயிற்றில் நோய் என்றார்கள். வைகாசியில் ஆஸ்பத்திரிக் கட்டில். என் தங்கையின் மகள், பாடகர் குழுவில் இருக்கிறவள், பகலில் பக்கத்தில் இருப்பாள், பின்னேரம் நான் மாறுவேன். மே மாதக் கடைசிக் கிழமை, நான் போய்க் கதிரையில் இருந்து கொஞ்ச நேரத்தில், என் மனைவி போய்விட்டாள். சற்று முன்னர் பெய்த மழையின் ஈரம் ஜன்னல் கம்பியில் இருந்தது என்பது நினைவிருக்கிறது. மற்றது நினைவில்லை. திகதியை எழுத மறந்த ஒரே நாள் அது. மரணச் சான்றிதழைப் பார்த்துத்தான் பிறகு எழுதினேன்.

அறிவித்தல் அடிக்கும் வேலையைத் தங்கையின் மகள் ஏற்றுக்கொண்டாள். நான் பார்க்கவில்லை. எந்தத் தாளையும் பார்க்காமல் விடாத நான் அதைப் பார்க்கவில்லை.

அடக்கத்தன்று காலையில் பால் வாங்கச் சந்திக்குப் போனேன். மதிலில் ஒட்டியிருந்தது. அவளுடைய படம், பாடகர் குழுவோடு எடுத்ததிலிருந்து வெட்டியது. நான் வாசிக்கத் தொடங்கினேன். காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மகளும், என் பெயர், அவர்களின் பாசமிகு மனைவியும். அடுத்த வரி: காலஞ்சென்ற, பிறகு என் மகனின் பெயர், பிறகு அன்புத் தாயாரும்.

எங்கள் ஊர் அறிவித்தல்களை வாசித்துப் பழகியவர்களுக்கு அந்தச் சொல் தெரியும். யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதைச் சனங்கள் அதை வைத்துத்தான் பிரித்தறிவார்கள். பதினெட்டு வருடத்துக்கு மேலாக ஒரு பூசையிலும் ஒரு தாளிலும் அவனுக்கு முன்னால் வராத சொல், அவன் தாயின் அறிவித்தலில், சந்தி மதிலில். நான் கீழ்வரிக்குப் போனேன். இந்த அறிவித்தலை உற்றார் உறவினர் ஏற்றுக்கொள்ளவும். அதற்குக் கீழே, தகவல்: கணவர்.

என்னுடைய தகவல் என்று போட்டிருந்தார்கள். என் மகன் செத்தான் என்று நான் ஊருக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஒட்டிக்கொண்டு வந்தவர் எங்கள் ஒழுங்கையில் முச்சக்கர வண்டி ஓடுகிற தம்பி. கிண்ணியாக்காரர், முஸ்லிம். அவளை எத்தனையோ தரம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கினவர். பசை வாளியோடு நின்றார்.

"இதெல்லாத்தையும் கிழிக்க வேணும்" என்றேன்.

"என்ன சேர்? மாமி போன கதை சனத்துக்குத் தெரியாமப் போகுமே. பின்னேரம் அடக்கம்."

மகனின் பெயருக்கு முன்னால் விரலை வைத்துக் காட்டினேன். அவர் வாசித்தார். பசைத் தூரிகையை வாளிக்குள் போட்டார்.

"ஒரு சொல்லுத்தானே சேர். மையால மூடுவம். ஏறுங்க."

கடையில் தடித்த கறுப்புப் பேனை ஒன்று வாங்கினோம். உட்துறைமுக வீதி, ஆஸ்பத்திரிச் சந்தி, மீன் சந்தை, கோவிலடி. ஒவ்வொரு இடத்திலும் இறங்கி மகனுக்கு முன்னால் இருந்த அந்தச் சொல்லை மட்டும் அடித்தேன். ஓரிடத்தில் மகனின் பெயரின் முதலெழுத்திலும் மை பட்டுவிட்டது. கோட்டைப் பக்கத்தில் திரிகிற மான்களில் ஒன்று அறிவித்தலை இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. பசைக்கு மா கரைத்தால் அவை விடாது. "பாருங்க சேர், இது உங்களுக்கு வேலை மிச்சம் பிடிக்குது" என்றார் தம்பி. நான் சிரித்தேன். அந்த நாளில் நான் சிரித்தேன் என்பதையும் எழுதவேண்டும்.

திரும்பி வரும்போது அவர் சொன்னார்: "எங்கட மாமா ஒராள் கடலுக்குப் போய் வரல்ல சேர். உடம்பு கிடைக்கல்ல. மையித்து இல்லாமத் தொழுகிறதா வேணாமா எண்டு வீட்டுக்குள்ள ரெண்டு கட்சி. அவர்ட பொஞ்சாதி கடைசிவரைக்கும் சம்மதிக்கல்ல. ரெண்டு கட்சியும் இப்பவும் கதைக்கிறதில்ல."

வீட்டுக்கு வந்தபோது அறிவித்தல் எல்லார் கையிலும் இருந்தது. தொலைபேசிகளிலும் இருந்தது. அங்கெல்லாம் என்னால் மை பூச ஏலாது.

செபமாலை முடிந்தது. பெண்கள் பெட்டியைச் சுற்றி இருந்தார்கள். அவள் வழக்கமாக இருக்கிற தலைமாட்டு இடத்தில், குழுவில் மூத்தவள் இருந்தாள், பழைய தலைமை ஆசிரியை ஒருத்தி. கோவில் பாட்டு முடிந்து, மெல்லக் கதை தொடங்கியது. தெற்கேயிருந்து நடந்து வந்ததைப் பாடினார்கள். பாட்டுப் பழக்கியதைப் பாடினார்கள். பிறகு ஒரு பக்கம், வழியில் யார் உன்னை எதிர்கொண்டு வந்தது என்று அவளைக் கேட்டது. மறுபக்கம் மறுமொழி சொல்லத் தொடங்கியது. மகன் வந்தான் என்று. சைக்கிளில் வந்தான், மாட்டை அவிழ்த்துவிட்டு வந்தான் என்று.

நான் எழுந்து கையைக் காட்டினேன். "அது வேண்டாம்" என்றேன். "அவனைப் பற்றி எங்களுக்குத் தெரியாது."

நின்றுவிட்டார்கள். பாதி வரியில் நின்றார்கள். எத்தனையோ செத்த வீடுகளில் பாட்டை நிறுத்தாதவளுடைய பெட்டிக்கு முன்னால் எவரும் பாடாத ஒரு நேரம் இருந்தது. பிறகு மூத்தவள் கோவில் பாட்டொன்றை எடுத்தாள், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். தங்கையின் மகள் மட்டும் பாடவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிழை விட்டவள் வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

ஜூன் ஒன்பதுக்கு முதல்நாள் மண்டபத்தில் பாட்டுப் பழக்கம். புனிதரின் படத்துக்கு வைக்கும் பூவைக் கொண்டுபோய்க் கொடுக்கிறது அவளுடைய வேலை. அதை நான் கொண்டுபோனேன். எல்லாரும் போனபிறகு தங்கையின் மகள் கதிரைகளை அடுக்கிக்கொண்டு நின்றாள்.

"மாமா, உங்களோட ஒரு கதை. கோவிக்கக் கூடாது."

"சொல்லு."

"அந்தச் சொல்லு நான் போடேல்ல. மாமிதான் போடச் சொன்னவ."

நான் கதிரையில் இருந்தேன்.

"ஆஸ்பத்திரியில, கடைசிக் கிழமை. என்ர அறிவித்தலில பிள்ளைக்கு முன்னால காலஞ்சென்ற எண்டு போடு, மாமாட்டச் சொல்லாத, அவர் நாள் கேப்பார் எண்டு சொன்னவ."

"வேற ஆர் இருந்தது அப்ப?"

"ஒருத்தரும் இல்லை. நான் மட்டும்தான்."

"அவ தெளிவாக இருந்தவவோ?"

அவள் கையிலிருந்த கதிரையைக் கீழே வைத்தாள். "மருந்து குடுத்திருந்தவை. அண்டைக்கு என்னை ஒருக்கா அவவின்ர அக்காவின்ர பேர் சொல்லிக் கூப்பிட்டவ. ஆனா இதைச் சொல்லேக்க என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னவ. என்ர பேர் சொல்லித்தான் சொன்னவ."

"அப்ப ஏன் நீ அண்டைக்கே சொல்லேல்ல? நான் பேனையோட ஊரெல்லாம் திரியேக்க?"

"மாமி சொல்லாத எண்டவ. நீங்கள் பாட்டை நிப்பாட்டினபிறகுதான் எனக்கு ஏலாமப் போச்சு."

மூத்த ஆசிரியையின் வீட்டுக்கு அடுத்த நாள் பூசை முடிந்து போனேன். அடக்கத்தன்று நின்றுபோன பாட்டைப் பாடித் தரமுடியுமா என்று கேட்டேன். வேண்டுமானால் நான் எழுதிக்கொள்கிறேன், பிறகு குழுவே பாடலாம் என்றேன். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அது எழுதின பாட்டில்லை, உங்களுக்குத் தெரியும். அண்டைக்கு அவவின்ர முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வந்தது. அடுத்த வரி என்னெண்டு எனக்கே தெரியாது. இனி வராது."

"ஒரு வரியும் நினைவில்லையோ?"

"சைக்கிள் எண்ட இடம் வரைக்கும்தான். அது உங்களுக்கும் கேட்டது."

விடைபெற்று எழுந்தேன். புனிதரின் நானூறுக்கும் மேற்பட்ட பாட்டுகள் இன்றைக்கும் இருக்கின்றன. யாரோ எழுதி வைத்தார்கள், யாரோ திரும்பத் திரும்பப் பிரதி எடுத்தார்கள். அவற்றைப் பாடிய பெண்கள் தாங்களாகப் பாடியது ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. என் புத்தகத்தில் இதை எழுதவேண்டும் என்று வழியில் நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுப் படலையைத் திறந்தபோதுதான் தெரிந்தது, அந்த நினைப்பை ஓடிப்போய்ச் சொல்ல உள்ளே ஆளில்லை என்று.

முப்பத்தோராம் நாள் நினைவு அட்டையில் என்ன போடுவது என்று அச்சகத்தில் கேட்டார்கள். எங்கள் வழக்கத்தில் நினைவு முப்பத்தோராம் நாள். புனிதரின் இறுதி விருப்பம் என்று வழங்குகிற பாட்டில், முப்பதாம் நாள் தன்னை நினைக்கும்படி கேட்டிருக்கிறார். தனக்கு ஆடம்பரம் வேண்டாம், ஊரில்லாதவர்களோடு புதையுங்கள் என்பதும் அதிலேதான். அந்தப் பாட்டில் எவ்வளவு அவர் சொன்னது, எவ்வளவு பின்னால் சேர்ந்தது என்று அறிஞர்கள் இன்னும் தீர்க்கவில்லை. அதற்காக எவரும் அவரை நினைக்காமல் விட்டதும் இல்லை.

அட்டையின் படியை மேசையில் வைத்துக்கொண்டு இருந்தேன். துறைமுகத்தில் இருந்த காலம் முழுவதும், என் கண்ணால் பார்க்காத கப்பலை நான் வந்ததாக எழுதியதில்லை. அவளுடைய பெயர், பிறந்த நாள், இறந்த நாள். அதற்குக் கீழே மகனின் பெயர். அதற்கு முன்னால் அந்தச் சொல்லை என் கையால் எழுதினேன். நாள் எதுவும் போடவில்லை. தம்பியின் வண்டியில் அச்சகத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

அட்டையை வாங்குகிறவர்கள் அதை உறுதியான செய்தியாக எடுத்துக்கொள்வார்கள். ஆகையால் இங்கே எழுதி வைக்கிறேன். என் மனைவி தன் மகனை இறந்தவனாகப் போடச் சொன்னாள் என்பதற்கு இருக்கிற சாட்சி ஒருத்திதான். மருந்து கொடுத்திருந்த நாளில், மூன்றாமவர் எவரும் இல்லாத நேரத்தில் சொல்லப்பட்டது. அவள் அப்படிச் சொன்னாளா என்பதை என்னால் சரிபார்க்க முடியவில்லை.